சுவரில் விழித்திருந்தவள்

“மனசாரக் கொடுக்கிறியாம்மா?” என்று பெரிய பிக்கு மா யின் நூவைக் கேட்டார்.

அன்று தண்ணீர்த் திருவிழாவின் மூன்றாம் நாள். வெளியே, பர்மாவில் பகானை ஒட்டிய மியின்கபா கிராமமே நனைந்து கூத்தடித்துக்கொண்டிருந்தது. மடத்துக்குள் அவளுடைய கணவன் கோ செயின் மௌங், அப்போதுதான் மழித்த தலையோடு, செங்காவித் துணியை இரண்டு கைகளிலும் ஏந்தி மண்டியிட்டிருந்தான். அவன் முடி தரையில் விழாமல் வெள்ளைத் துணியை விரித்துப் பிடித்தவள் அவள்தான். கல்யாணமானவன் காவி உடுத்த வேண்டுமென்றால் மனைவி வாயைத் திறந்து சம்மதம் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் அந்தக் கேள்வி.

“கொடுத்தேன், சுவாமி” என்றாள் யின் நூ.

எத்தனை நாளைக்கு என்று அவள் சொல்லவில்லை. யாருமே சொல்வதில்லை. திருவிழாவுக்குக் காவி உடுத்துகிறவன் ஒன்பதாம் நாள் அதைக் களைந்து கொடுத்துவிட்டு, லுங்கியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்பான். ஊரில் பாதி ஆண்கள் அப்படிப் போய் வந்தவர்கள்தான்.

ஒன்பதாம் நாள் செயின் மௌங் வரவில்லை. மடத்திலிருந்து யாரோ தொலைபேசியில் பேசினார்கள். மாதம் முடியட்டுமாம். மாதம் முடிந்தது. இன்னும் இரண்டு மாதம் போனது. அதற்குள் மழைக்கால விரதம் தொடங்கிவிட்டது. அந்த மூன்று மாதமும் பிக்குகள் மடத்தை விட்டு நகர்வதில்லை. அந்த நேரத்தில் ஒருவரைக் காவியைக் களையச் சொல்வது பெரும் பாவம். யின் நூ வாயை மூடிக்கொண்டு மழை விடுவதற்காகக் காத்திருந்தாள்.

ப்யீ நகரத்துப் பேருந்து நிலையத்தின் பின்பக்கம் அவளுக்கு ஒரு மொஹிங்கா கடை இருந்தது. மீன் குழம்பில் வாழைத்தண்டைப் போட்டுக் கொதிக்கவிட்டு, அரிசிச் சேவையின் மேல் ஊற்றித் தருகிற கடை. விடியும்போது அடுப்பு மூட்டினால் பத்து மணிக்குள் பானை காலியாகிவிடும். தண்டு நறுக்குவது செயின் மௌங்கின் வேலையாக இருந்தது. பிறந்ததிலிருந்து அந்த வேலையைச் செய்தவன் அல்ல அவன். வெங்காய மூட்டை ஏற்றிக்கொண்டு மண்டலே வரை லாரி ஓட்டியவன்.

இரண்டரை வருஷத்துக்கு முன்னால், அவுங்லானைத் தாண்டி, அந்தி மயங்குகிற நேரத்தில், விளக்கில்லாத ஒரு மாட்டு வண்டி வயலிலிருந்து திடுமென்று சாலையில் ஏறியது. லாரி மோதி, வண்டிக்காரர் அந்த இடத்திலேயே செத்துப்போனார். லாரியின் மேல் தவறு இல்லை என்று போலீஸ் சொன்னது. வண்டிக்காரரின் மகன்களும் அப்படியே சொன்னார்கள். செயின் மௌங் மட்டும் சொல்லவில்லை. லாரிச் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டு வந்து, மனைவியின் கடையில் கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். அதற்குப் பிறகு அவன் தூங்கவில்லை. பாயில் படுப்பான். கொஞ்ச நேரத்தில் எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்வான். விடியும்வரை அப்படியே இருப்பான். இரண்டு வருஷம் அப்படி இருந்தபிறகுதான் பகானுக்குப் போய் ஒன்பது நாள் காவி உடுத்துகிறேன் என்று நேர்ந்துகொண்டான்.

விளக்குத் திருவிழா முடிந்து விரதக் காலம் விலகியதும், ப்யீயிலிருந்து பகானுக்கு யாத்திரைப் பேருந்து புறப்பட்டது. யின் நூ கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு அதில் ஏறினாள். கூடவே அவளுடைய நாத்தனார் மா ட்வேயும் ஏறினாள். மா ட்வே செயின் மௌங்குக்கு எட்டு வயது மூத்த அக்கா. கோழி வியாபாரம். மடியில் ஒரு பை வைத்திருந்தாள். அதில் தம்பிக்கு ஒரு புது லுங்கியும், கட்டம் போட்ட சட்டையும் இருந்தன.

“அழாதே, தெரிஞ்சுதா?” என்றாள் மா ட்வே, பேருந்து மக்வேயைத் தாண்டியபோது. “பொம்பளை கண்ணுல தண்ணியைப் பார்த்துட்டா பிக்குங்களுக்குப் போதனை பண்ற ஆசை வந்துடும். அப்புறம் சாயங்காலம் வரைக்கும் நாம கை கூப்பிக்கிட்டு உட்காந்திருக்கணும். நேரா கேளு.”

“அவர் இப்ப பிக்கு, அக்கா. நேரா எப்படிக் கேக்கறது?”

“பிக்குவா? அவனுக்கு மூக்கு சிந்திவிட்டவ நானு. ஒரு தடவை கிணத்தடியில வச்சு முதுகுல ரெண்டு போட்டேன். இப்போ நான் போயி அவன் முன்னாடி மூணு தடவை நெத்தியைத் தரையில வைக்கணும். கும்பிடும்போது அந்த ரெண்டு அடியை நெனைச்சுக்கறேன், பரவாயில்லையா?”

முன்சீட்டிலிருந்த கிழவர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்.

முற்பகலில் பகான் சேர்ந்தார்கள். யாத்திரைத் தலைவர் எல்லாரையும் நேரே ஆனந்தா கோயிலுக்குக் கூட்டிப்போனார். செங்கல் தரை சுட்டது. உள்ளே நாலு திசைக்கும் நாலு புத்தர், ஆறு ஆள் உயரத்துக்குப் பொன்னாக நின்றார்கள். தென்புறத்துப் புத்தரின் காலடிக்குப் போய் நிமிர்ந்தால் முகம் கடுமையாக இருக்கும். பின்னால் நகர நகர அது புன்னகை ஆகும். கிட்டே நிற்கிறவர்கள் ராஜாக்கள், தூரத்தில் நிற்பது குடியானவர்கள் என்று யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். யின் நூ காலடியில் மண்டியிட்டு மூன்று முறை வணங்கினாள். அவள் மனம் அங்கே இல்லை. மடத்துக்கு இன்னும் எத்தனை கோயில் என்று தலைவரைக் கேட்டுவிட்டு, செருப்பைத் தேடிக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் வெளியே வந்தாள். பின்னால் நகர்ந்து அந்தச் சிரிப்பைப் பார்க்கவேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

மியின்கபா மடத்துச் சத்திரத்தில் இரவுத் தங்கலுக்குப் பாய் போட்டுவிட்டு, மதியச் சாப்பாடு ஆனதும் மற்றவர்கள் வேறு கோயில்களுக்குப் போனார்கள். யின் நூவும் மா ட்வேயும் மடத்துக்குள் போனார்கள்.

செயின் மௌங்குக்கு இப்போது ஊ கோவிதா என்று பெயர். மேடையில் உட்கார்ந்திருந்தார். பெண்ணோடு தனியாகப் பேசக் கூடாது என்பதால் பக்கத்தில் இன்னொரு பிக்கு இருந்தார். பருமனானவர், ஊ திலோகா என்று பெயர். யின் நூ கீழே பாயில் மண்டியிட்டுக் கும்பிட்டாள். நிமிர்ந்து பார்த்தாள். கன்னத்தில் சதை பிடித்திருந்தது. கண்ணுக்குக் கீழே இரண்டு வருஷமாக இருந்த கருப்பு காணாமல் போயிருந்தது. யாரோ ஒருவன் தன் கணவனைத் துடைத்து வைத்திருக்கிறான் என்று அவளுக்குப் பட்டது.

“சுவாமி சௌக்கியமா?” என்றாள்.

“சௌக்கியம், உபாசகியம்மா.” எந்தப் பக்தையையும் பிக்குகள் அப்படித்தான் அழைப்பார்கள்.

“உபாசகியம்மாவா!” என்று மா ட்வே பாயிலிருந்து தலையைத் தூக்கினாள். “பன்னெண்டு வருஷம் ஒரே தட்டுல சாப்பிட்டவளை சுவாமிக்குப் பேர் தெரியலை போலிருக்கு. என் பேராவது ஞாபகம் இருக்கா, சுவாமி?”

ஊ கோவிதாவின் வாய் ஓரம் துடித்தது. “இருக்கு. உங்க கையும் ஞாபகம் இருக்கு.”

ஊ திலோகா விசிறியால் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கினார்.

யின் நூ சிரிக்கவில்லை. “ஒன்பது நாள்னு பேச்சு, சுவாமி.”

“நீ… நீங்க நாள் சொல்லலை.”

“எந்தப் பொண்டாட்டி நாள் சொல்றா? திருவிழாவுக்குக் காவி கட்டறவன் ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வருவான்னு எருமைமாட்டுக்குக்கூடத் தெரியும். சுவாமிக்குத் தெரியாதா?” இவ்வளவு நீளமாக அவள் யாரிடமும் பேசியதில்லை. கை கூப்பிய நிலையிலேயே பேசினாள். அதைப் பிரித்தால் மரியாதைக் குறைவு.

அவர் தரையைப் பார்த்தார். “எனக்கு இங்க தூக்கம் வருது” என்றார்.

“வருதா!” என்றார் ஊ திலோகா. “உபாசகியம்மா, இவரு விடற குறட்டையில மடத்துல மத்த யாருக்கும் தூக்கம் போச்சு. புறா ரெண்டு கூட்டைக் காலி பண்ணிட்டுப் போயிடுச்சு. பெரியவர் காதுல பஞ்சு வச்சுக்கிட்டுப் படுக்கறாரு.”

மா ட்வே விழுந்து விழுந்து சிரித்தாள். யின் நூ பாயில் ஒரு முழம் முன்னால் நகர்ந்தாள்.

“என் பக்கத்துல வராத தூக்கம் இந்தப் பலகையில வருதா?” என்றாள். சுவாமி என்று சேர்க்க மறந்துவிட்டாள்.

அப்போது பெரிய பிக்கு உள்ளே வந்தார். எல்லாரும் குனிந்தார்கள். மா ட்வே பையிலிருந்த சட்டையை அவசரமாகப் பின்னால் தள்ளினாள், அவர் பார்த்துவிட்டார்.

“கட்டம் நல்லா இருக்கு” என்றார். பிறகு யின் நூவைப் பார்த்து, “கொடுத்தது நீ, அம்மா. திருப்பிக் கேக்கற உரிமையும் உனக்குத்தான். காவி ஒண்ணும் கைவிலங்கு இல்லை, எப்ப வேணா கழட்டலாம். ஆனா கோபத்துல கேக்காதே. ஒரு பொழுது போகட்டும்.”

ஊ கோவிதா தலை தூக்கினார். இப்போது அவர் குரல் பழைய செயின் மௌங்கின் குரலாக இருந்தது. “நாளைக்குக் காலையில பிச்சைக்கு வருவேன். வீட்டுக்கு வாங்கன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். மடத்துக்கு வந்து காவியைக் கொடுத்துட்டு உங்க பஸ்லயே ஏறிடுவேன். மனசுல ஒண்ணும் வச்சுக்க மாட்டேன். சத்தியமா. ஒண்ணும் சொல்லலைன்னா, இந்தத் தடவை மனசாரக் கொடுத்துட்டதா எடுத்துக்கறேன்.”

“இதுல யோசிக்க என்ன இருக்கு, இப்பவே சொல்லேன்” என்று மா ட்வே அவள் முழங்கையை இடித்தாள்.

பெரியவர் ஒரு பொழுது என்று சொல்லிவிட்டார். யின் நூ மூன்று முறை கும்பிட்டு எழுந்து, படியிறங்கி, எந்தப் பக்கம் என்று பார்க்காமல் நடந்தாள்.

ஆட்டுப் பாதை ஒன்று முட்புதர்களுக்கு நடுவே போனது. இருபுறமும் பனைமரங்கள். பனைகளுக்கு இடையே, விதைத்ததுபோல், சிறிதும் பெரிதுமாகச் செங்கல் கோபுரங்கள். அவள் எதையும் பார்க்கவில்லை. மனதுக்குள் நாளைக்குச் சொல்லவேண்டியதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். வீட்டுக்கு வாங்க. அவ்வளவுதான், குழந்தைகூடச் சொல்லும். உள்ளங்காலில் சுரீர் என்று முள் ஏறியபோதுதான் செருப்பை மடத்து வாசலிலேயே விட்டுவிட்டு வந்தது தெரிந்தது.

பக்கத்தில் ஒரு சின்னக் கோயில். அதன் வாசல் கல்லில் நொண்டிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். வேப்பமரத்தடியில் ஐம்பது வயதுப் பெண்மணி ஒருத்தி, கன்னத்தில் அப்பிய தனக்கா மரப்பட்டைப் பூச்சோடு, மூங்கில் கட்டை மாதிரி ஒரு சுருட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் ஒரு பெரிய சாவி தொங்கியது. அவள் பெயர் டோ ஓன் கின். அந்தக் கோயிலைத் திறந்து மூடுகிறவள்.

“பகான்ல செருப்பு இல்லாம நடக்கற பொம்பளை ரெண்டு வகை” என்றாள் அவள், ஊசி ஒன்றை நீட்டியபடி. “ஒருத்தி மகா பக்தி. இன்னொருத்தி புருஷனோட சண்டை. நீ எந்த வகை?”

“ரெண்டுமில்லை, அக்கா.”

“அப்போ ரெண்டாவதுதான்.”

முள்ளை எடுத்தார்கள். டோ ஓன் கின் சாவியைத் தட்டிக் காட்டினாள். “பார்க்கறியா? வந்ததுதான் வந்தே. வெளிநாட்டுக்காரங்க வந்தா கழுத்து வலிக்க அண்ணாந்துகிட்டு மணிக்கணக்கா நிப்பாங்க. நம்ம ஜனங்க புத்தரை விழுந்து கும்பிட்டுட்டு, லாட்டரி நம்பரை வேண்டிக்கிட்டு, அஞ்சு நிமிஷத்துல வெளியே. சுவரை ஒருத்தரும் பார்க்கறதில்லை.”

மறுக்கக் கூச்சமாக இருந்ததால் யின் நூ சரி என்றாள்.

இரும்புக் கதவு முனகிக்கொண்டு திறந்தது. உள்ளே குளிர்ச்சியும் வௌவால் நாற்றமும். வெளி வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை. டோ ஓன் கின் ஒரு கைவிளக்கை அவள் கையில் கொடுத்தாள். “சுவரைத் தொடாதே. மூச்சுகூடக் கிட்ட விடாதே. ஈரம் ஆகாது.”

யின் நூ விளக்கைத் தூக்கினாள்.

சுவர் முழுக்க புத்தர். விரல் நீளத்துக்கு ஒரு கட்டம், கட்டத்துக்கு ஒரு புத்தர், தரையிலிருந்து தொடங்கி வளைவின் உச்சிவரை. விளக்கு போகிற இடமெல்லாம் அவர்கள் இருட்டிலிருந்து எழுந்து எழுந்து உட்கார்ந்தார்கள். ஒரே அச்சு என்றுதான் முதலில் நினைத்தாள். கிட்டே போனபோது அப்படி இல்லை. ஒருவருக்குக் காது நீளம். ஒருவருக்கு உதடு கொஞ்சம் கோணல், தூரிகை அங்கே ஒரு கணம் தயங்கியிருக்கிறது. இன்னொருவர் லேசாகத் தூங்கி விழுவதுபோல் இருந்தார். ஆயிரமோ, ஐயாயிரமோ. ஒவ்வொன்றையும் ஒருவன் தனித்தனியாகப் போட்டிருக்கிறான். வெயில் எட்டாத இடத்தில், எண்ணெய் விளக்கின் புகையில், சாரத்தில் மல்லாந்து படுத்து, மூலையில் யாரும் பார்க்கப்போகாத அந்தக் கடைசிப் புத்தருக்கும் பத்து விரல் நகம் வைத்திருக்கிறான். யின் நூவுக்குக் கழுத்தின் பின்பக்கம் மயிர் சிலிர்த்தது. மூச்சை விடாதே என்று சொன்னது நல்லதாகப் போயிற்று. மூச்சு வரவே இல்லை.

“எத்தனை வருஷம் ஆச்சு?” குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

“எண்ணூறுங்கறாங்க. என் மாமியாருக்கு முன்னாடியே இருந்துது, அது எனக்குத் தெரியும்.” சுருட்டை வெளியே வைத்துவிட்டு வந்திருந்ததால் டோ ஓன் கின்னின் கை சும்மா இருக்கத் தெரியாமல் சாவியைச் சுழற்றியது. “வடக்குச் சுவரைப் பாரு. அங்கதான் கதை.”

வடக்குச் சுவரில் ஓர் அரண்மனை. சிவப்பும் கருப்பும் வெளிறிய பச்சையும். சங்கீதக்காரிகள் வீணையோடு அப்படியே சரிந்து தூங்குகிறார்கள். ஒருத்தியின் வாய் திறந்திருந்தது. வாசல் நிலையில் கை வைத்து நிற்கிறவர் இளவரசர் சித்தார்த்தர். ஒரு கால் வெளியே. உடம்பு வெளிப்பக்கம் திரும்பிவிட்டது, முகம் மட்டும் கட்டிலின் பக்கம் திரும்பியிருக்கிறது. கட்டிலில் ராணியும், அவள் அணைப்பில் குழந்தையும். அவர் துறவுக்காக வீட்டைவிட்டுப் போகிற வேளை. இந்தக் கதையை யின் நூ நடக்கத் தெரிந்த நாளிலிருந்து கேட்டிருக்கிறாள். எத்தனையோ மடத்தில் சாயப்படமாகப் பார்த்திருக்கிறாள். ராணி எல்லாப் படத்திலும் தூங்குவாள்.

விளக்கை ராணியின் முகத்துக்குக் கொண்டுபோனாள். கொண்டுபோன கை நின்றுவிட்டது.

இமைகள் முழுக்க மூடவில்லை. நெல்லின் உமி அளவுக்கு ஓர் இடைவெளி. அதற்குள் கருப்பாக ஒரு புள்ளி. சுண்ணாம்பு உதிர்ந்த பள்ளம் அல்ல அது. தூரிகை நுனியைத் தொட்டு, வேண்டுமென்றே வைத்த புள்ளி. கருப்பைச் சுற்றி வெள்ளைகூட இருந்தது.

“இவ முழிச்சிருக்கா” என்றாள் யின் நூ.

“ஆமா. சுண்ணாம்பு உதிர்ந்துதுன்னுதான் எல்லாரும் சொல்லிக்கிட்டிருந்தாங்க. ஒரு தடவை பூதக்கண்ணாடியோட ஒருத்தர் வந்து அரை நாள் பார்த்துட்டு, இல்லை, போட்டதுதான்னுட்டுப் போனாரு. எனக்கென்னமோ சில நாள் மூடியிருக்கற மாதிரியும் இருக்கும். என் கண்ணாடி நம்பரும் மாத்தணும்.”

யின் நூவின் விளக்கு ராணியின் கைக்கு இறங்கியது. ஒரு கை குழந்தையின் மேல். இன்னொரு கை கட்டில் விளிம்பில், போர்வையைப் பற்றியிருந்தது. விரல் கணுக்கள் தனித்தனியாகப் புடைத்துத் தெரிந்தன. தூங்குகிறவளின் கை அப்படி இருக்காது. அவளுக்குத் தெரியும். இரண்டு வருஷம் அவள் கை அப்படித்தான் இருந்தது.

செயின் மௌங் எழுந்து சுவரில் சாயும்போதெல்லாம் அவளுக்கும் விழிப்பு வந்துவிடும். கண்ணைத் திறந்தால் ஏதாவது பேசவேண்டும், என்ன பேசுவது? செத்தவரைத் திருப்பித் தரவா முடியும்? அதனால் இமையை ஒட்டினாற்போல் வைத்துக்கொண்டு, மூச்சை ஒழுங்காக இழுத்துவிட்டுக்கொண்டு, பாயின் ஓரத்தைப் பிடித்தபடி, அந்தச் சின்ன இடைவெளி வழியாக அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே கிடப்பாள். இது அவளைத் தவிர உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தாள். மா ட்வேயிடம் சொன்னதில்லை. அவனிடம் சொன்னதில்லை. எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் சாரத்தின்மேல் நின்ற எவனோ ஒருவனுக்கு அது தெரிந்திருந்தது. பாய் ஓரத்தைப் பிடிக்கிற விரல்வரை தெரிந்திருந்தது.

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மண்டியிட்டுக் கை கூப்பினாள். புத்தர் சிலை அவளுக்குப் பின்னால் இருந்தது. சுவரைப் பார்த்துத்தான் மூன்று முறை கும்பிட்டாள். டோ ஓன் கின் சாவி சுழற்றுவதை நிறுத்தினாள்.

ஒரு விஷயத்தை யின் நூ இதுவரை தனக்கேகூட ஒப்புக்கொண்டதில்லை. அந்த இருட்டில் அது தானாக வெளியே வந்தது. அவன் மடத்துக்குப் போன இந்த ஆறு மாதமாக அவளும் தூங்குகிறாள். தலை சாய்த்ததும் தூக்கம். கோழி கூவுவதுகூடக் கேட்பதில்லை. அதை ஒரு திருட்டுப்போல மறைத்து வைத்திருந்தாள். தனியாகத் தண்டு நறுக்கும்போது அழுவாள், இரண்டு தட்டு எடுத்துவைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப வைப்பாள், அவன் சட்டையை முகர்ந்து பார்ப்பாள், எல்லாம் உண்மை. தூங்குவதும் உண்மை. அவன் அங்கே தூங்குகிறான், அவள் இங்கே தூங்குகிறாள். ஒரே பாயில்தான் இரண்டு பேருக்கும் முடியவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் அவன் வந்துவிடுவான். வந்து, பாயில் படுத்து, எழுந்து சுவரில் சாய்வான்.

“இந்த ராணியை யாரும் கேக்கலை, இல்லையாக்கா?” என்றாள்.

“எதை?”

“போகட்டுமான்னு.”

“யார் கேக்கறது? கேட்டிருந்தா அவ போன்னு சொல்லியிருப்பாளா? நானா இருந்தா கட்டில் காலோட கட்டிப்போட்டிருப்பேன்.”

“என்னைக் கேட்டாங்க.”

டோ ஓன் கின் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பாதத்தைப் பார்த்தாள். “என்ன சொன்னே?”

“கொடுத்தேன்னு சொன்னேன். யோசிக்காம.”

“யோசிச்சிருந்தா?”

யின் நூ விளக்கை இன்னொரு முறை தூக்கி ராணியின் கண்ணைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. வாசலில் விழுந்திருந்த வெயில் மஞ்சளாகி, நீண்டு, புத்தர் சிலையின் மடிவரை வந்துவிட்டது. அந்த வெளிச்சத்தின் ஓரத்தில் ஆயிரம் முகங்கள் பொன்னாகி, பிறகு ஒவ்வொன்றாக அணைந்தன.

“பூட்டணும்மா” என்றாள் டோ ஓன் கின், சற்று மெதுவாகவே. தன் ரப்பர் செருப்பைக் கழற்றி அவள் முன்னால் போட்டாள். “போட்டுக்கிட்டுப் போ. சத்திரத்துலயே வச்சுட்டுப் போயிடு, நாளைக்கு எடுத்துக்கறேன்.”

சத்திரத்துக்கு வந்தபோது மா ட்வே புளி மிட்டாயை மென்றபடி வாசலில் நின்றிருந்தாள். “எங்கடி போனே? நான் பெரியவர்கிட்டப் போய் என் தம்பி பொண்டாட்டியைப் புதர்ல பேய் அடிச்சுடுச்சுன்னு சொல்ல இருந்தேன். யோசிச்சாச்சா?”

“கோயிலுக்குப் போயிருந்தேன், அக்கா.”

“வேண்டிக்கிட்டியா?”

“இல்லை. பார்த்துக்கிட்டிருந்தேன்.”

மறுநாள் விடிந்தும் விடியாததுமாக யாத்திரைக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து சோறு வடித்தார்கள். சாலை ஓரமாக வரிசையில் நின்றார்கள், காலில் செருப்பில்லாமல், ஆளுக்கொரு சோற்றுப் பாத்திரத்தோடு. பனையின் பின்னால் வானம் வெளுத்தது. மணி ஓசை கேட்டது. பிக்குகள் மூத்தவர் முன்னாலும் இளையவர் பின்னாலுமாக வந்தார்கள். பெரியவர் வந்தார். ஊ திலோகா வந்தார். கண்ணெல்லாம் தூக்கக் கலக்கம். கரண்டி கரண்டியாக யின் நூ போட்டாள். காவி உடுத்தி ஆறு மாதமே ஆனதால், பிக்குகளில் கடைசியாக ஊ கோவிதா வந்தார். அவருக்குப் பின்னால் சின்னத் துறவிகள்.

அவர் அவள் முன்னால் நின்று, கரிய பாத்திரத்தின் மூடியைத் திறந்தார். கண் தாழ்ந்திருந்தது. நன்றாகத் தூங்கி எழுந்த முகம். கன்னத்தில் பாயின் கோடு இரண்டு பதிந்திருந்தது. பன்னிரண்டு வருஷத்தில் கடைசி இரண்டு வருஷம் அவள் பார்க்காத கோடு.

வீட்டுக்கு வாங்க. நாக்கின் நுனியில்தான் இருந்தது. அந்தக் கோட்டைத் தொட்டுப் பார்க்கவேண்டும்போல் இருந்தது; பெண்கை இனி அவர்மேல் படக் கூடாது.

யின் நூ ஒரு கரண்டி போட்டாள். ஆவி எழுந்தது. அவர் நகரவில்லை. இன்னொரு கரண்டி போட்டாள். அப்போதும் நின்றார். பின்னால் வந்த சின்னத் துறவி அவர் முதுகில் முட்டிக்கொண்டு நின்றான்.

“சொல்லுடி” என்று மா ட்வே பல்லைக் கடித்தாள். “வாயில என்ன, கொழுக்கட்டையா?” அவள் சொல்லாததால் தானே சொல்லிவிட எண்ணி மா ட்வே வாயைத் திறந்தாள். யின் நூ பக்கத்தில் நகர்ந்து நாத்தனாரின் வெறுங்காலின்மேல் தன் காலை வைத்து, முழு பலத்தோடு அழுத்தினாள். மா ட்வே திறந்த வாயை மூடிக்கொண்டாள். தலையைத் திருப்பித் தம்பி மனைவியின் முகத்தைப் பார்த்தவள், பிறகு காலை இழுத்துக்கொள்ளவில்லை.

யின் நூ கரண்டியைத் தன் சோற்றுப் பாத்திரத்தில் வைத்தாள். இரண்டு கைகளையும் நெற்றிக்கு உயர்த்திக் கூப்பினாள். இமையை இறுக்கி மூடாமல், கண்ணை நன்றாகத் திறந்து அவரைப் பார்த்தாள்.

ஊ கோவிதா மூடியைப் பாத்திரத்தின்மேல் வைத்தார். அது சரியாகப் பொருந்த இரண்டு முறை முயலவேண்டியிருந்தது. வலது தோளிலிருந்து சரிந்த காவியை இழுத்துவிட்டுக்கொண்டார். முன்னால் போன ஊ திலோகாவுக்கும் அவருக்கும் நடுவே இருபது அடி இடைவெளி விழுந்திருந்தது. அதை எட்டிப் பிடிக்க அவசரப்படாமல், புழுதியில் பாதம் பதிய, அவர் நடந்துபோனார்.